திருப்பிக் கொடுத்த நாற்பது வினாடி

வெர்னா மிலோவிச்சைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச்சொல்லி எங்கள் ஊர் நூலகத்தில் கேட்டபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. பிட்டர்ஃபோர்க் பள்ளத்தாக்கில் எங்கள் ஊர் உண்டாகி நூற்றைம்பது வருஷம் ஆகிறதாம். ஊர்க்காரர்களைப் பற்றி ஒரு புத்தகம் போடுகிறார்களாம். ஆளுக்கு ஒரு பக்கம்.

"அவளைப் பத்தி எழுத என்னை விட்டா ஆள் கிடைக்கலையா?" என்று கேட்டேன்.

"அவங்கதான் உங்க பேரைச் சொன்னாங்க. 'லோயிஸ் எழுதட்டும், அவளுக்குத்தான் என்னை நல்லாத் தெரியும்'னாங்க" என்றாள் நூலகத்துப் பெண்.

பார்த்தீர்களா, இதுதான் வெர்னா. அறுபது வருஷமாக அவளைக் கண்டு வயிறெரிகிறவள் நான். அது அவளுக்குத் தெரியும். தெரிந்தேதான் என் கையில் பேனாவைக் கொடுத்திருக்கிறாள். சரி, எழுதுகிறேன். ஆனால் என் வழியில்தான் எழுதுவேன்.

நாங்கள் இருவரும் ஒரே வகுப்பு. அவள் அப்பாவும் என் அப்பாவும் செம்பு உருக்காலையில் ஒரே ஷிப்டு. வெர்னா அழகி இல்லை, படிப்பிலும் என்னைவிட மட்டம். பள்ளிப் பாட்டுக்குழுவில் நான் சுருதி தவறாமல் பாடுவேன், என் பக்கம் ஒருவரும் திரும்பமாட்டார்கள். அவள் கரகரவென்று ஆரம்பிப்பாள், மொத்த ஊரும் சேர்ந்து பாடும். சர்ச்சில் பலகாரம் விற்கும் நாளில் நான் சுட்ட இலவங்கப்பட்டை இனிப்பு ரோல்கள் ஒன்றுபோல் சிவந்து தட்டில் அழகாக உட்கார்ந்திருக்கும். அவளுடையது நடுவில் மாவு வேகாமல்கூட இருக்கும். அவளுடையதுதான் முதலில் தீரும். ஏன் என்று யாராவது எனக்கு விளக்கியிருந்தால் நான் இந்த அளவுக்குக் கெட்டுப்போயிருக்க மாட்டேன்.

இருபத்தாறு வருஷம் அவள் பள்ளிப் பேருந்து ஓட்டினாள். மேட்டுப் பண்ணைகளிலிருந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வரும் நான்காம் எண் பேருந்து. நான் வட்டார அலுவலகத்தில் நிலப்பதிவு எழுத்தர். என்னிடம் வருகிறவர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு வருவார்கள். அவளிடம் வருகிறவர்கள் படி ஏறும்போதே தங்கள் பல் விழுந்த கதையைச் சொல்லிக்கொண்டு ஏறுவார்கள்.

என் மகன் கோல்பியும் அப்படி ஏறியவன்தான். அப்போது நாங்கள் மேட்டுப் பக்கம் குடியிருந்தோம்.

தொண்ணூற்றாறு ஜனவரியில் ஒரு காலை. அவனுக்கு ஒன்பது வயது. பேருந்து மேட்டுப் பாதையில் வரும்போது பனிப்புயல் பிடித்துக்கொண்டது. பாதை எது, பள்ளம் எது என்று தெரியவில்லை. ஏழேகால் மணிக்கு வண்டி பனிக்குவியலில் புதைந்து நின்றது. பனி தள்ளும் வண்டி அங்கே போய்ச் சேர்ந்தபோது பிற்பகல் மூன்றேகால். எட்டு மணி நேரம் நான் அலுவலகத்துத் தொலைபேசி அருகில் உட்கார்ந்திருந்தேன். அந்த எட்டு மணி நேரத்தில் நான் கடவுளிடம் என்னென்ன கொடுப்பதாகச் சொன்னேன் என்று யாரிடமும் சொன்னதில்லை.

உள்ளே நடந்ததைப் பிள்ளைகள் சொல்லித்தான் ஊருக்குத் தெரியும். சூட்டுக்கு எஞ்சின் ஓடவேண்டும். புகைக்குழாயைப் பனி மூடினால் விஷப்புகை உள்ளே வந்துவிடும். ஆகவே வெர்னா இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை மண்வாரியோடு இறங்கி, வண்டியைப் பிடித்துத் தடவிக்கொண்டே பின்னால் போய்க் குழாயைத் தோண்டிவிட்டு வந்தாள். எட்டு மணி நேரமும் அதைச் செய்தாள். பாட்டி வயதுப் பாட்டையெல்லாம் பாடவைத்தாள். தன் மதியச் சாப்பாட்டுக்கு வைத்திருந்த இறைச்சி அடைத்துச் சுட்ட ஒரே ஒரு பாஸ்டி ரொட்டியைப் பதினான்கு துண்டாக நறுக்கினாள். தனக்கு எடுத்துக்கொள்ளவில்லை. குளிரில் அவள் வலது கையில் இரண்டு விரல் நுனிகள் கருகிப்போய், பிறகு மருத்துவமனையில் வெட்டி எடுத்தார்கள்.

பனி தள்ளும் வண்டிக்குப் பின்னால் பேருந்து ஊருக்குள் வந்து நின்றதும் கோல்பியைக் கட்டிக்கொள்ள நான் ஓடினேன். அவன் பேருந்துப் படியில் நின்றுகொண்டு, "மிஸ் வெர்னா முதல்ல இறங்கட்டும்மா" என்றான்.

அன்றைக்கு நான் அவள் காலில் விழுந்திருக்க வேண்டும். "தேங்க்ஸ்டி" என்று மட்டும் சொன்னேன். மகன் திரும்பி வந்த சந்தோஷத்துக்குள்ளேயே ஒரு முள் ஏறிவிட்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு கிறிஸ்துமஸ் காலையிலும் அவன் முதலில் போன் செய்வது அவளுக்கு. எனக்கு இரண்டாவது.

இனி தேர்தலுக்கு வருகிறேன். அதைத் தவிர்த்துவிட்டு எழுதலாம் என்றுதான் முதலில் பார்த்தேன். முடியவில்லை.

இரண்டாயிரத்துப் பதினான்கில் எங்கள் பகுதிச் சட்டசபை இடம் காலியானது. நான் நின்றேன். சின்ன வயதிலிருந்து எனக்கு இருந்த ஒரே ஆசை அது. என் பேச்சை நாலு பேர் உட்கார்ந்து கேட்கவேண்டும், அவ்வளவுதான். மனு கொடுத்த மறுவாரம் வெர்னாவும் நின்றாள். ஒரே கட்சி. எங்கள் பக்கம் ஜூன் மாதம் கட்சிக்குள் நடக்கும் தேர்தலில் ஜெயிப்பவர்தான் நவம்பரிலும் ஜெயிப்பார்.

"உனக்கு எதிரா நிக்கணும்னு இல்லடி. ஆத்துக்கு மேல கம்பெனிக்காரன் தோண்டப்போற அந்தச் சுரங்கம் வந்தா தண்ணி என்னாகும்னு நீ ஒரு வார்த்தையும் சொல்லமாட்டேங்குற. யாராச்சும் சொல்லணும்ல?" என்று என் வாசலில் வந்தே சொல்லிவிட்டுப் போனாள்.

நான் மரப்பலகையில் என் பெயரை எழுதி வேலிகளில் மாட்டினேன். அவள் பேருந்தை நிறுத்திவிட்டு மாலையில் வீடு வீடாக நடந்தாள். எந்தக் கதவைத் தட்டினாலும் திறப்பது அவள் பேருந்தில் வந்த ஏதோ ஒரு பிள்ளை, இப்போது இடுப்பில் ஒரு பிள்ளையோடு. "மிஸ் வெர்னா! உள்ள வாங்க!" நான் தட்டினால், "நிலவரி கூடிடுச்சா?" என்று கேட்பார்கள்.

ஏப்ரலில் தபால்பெட்டியில் ஒரு பளபளப்பான அட்டை வந்தது. என் படம். நான் அவ்வளவு அழகாக எந்தப் படத்திலும் இருந்ததில்லை. 'லோயிஸ் பெக்கலா: நம்மில் ஒருத்தி.' கீழே, 'மலைநாட்டுக் குடும்பங்களின் குரல்' என்று ஒரு சங்கத்தின் பெயரும் வேறு மாநிலத்துத் தபால்பெட்டி எண்ணும். அப்படி ஒரு சங்கத்தை நான் கேள்விப்பட்டதே இல்லை. என் பின்னால் இருந்த மலைகூட எங்கள் மலை இல்லை. எங்கள் மலைக்கு மொட்டைத் தலை, அட்டையில் இருந்ததற்கு ஊசி முனை. ஊரில் எல்லோரும் சிரித்தார்கள். "எந்த ஊரு மலைக்கு முன்னாடி போய் நின்ன லோயிஸ்?" என்று மளிகைக் கடையில் கேலி செய்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அட்டையைக் கொண்டுபோய்க் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிக்கொண்டேன்.

கம்பெனிப் பணம் தேர்தலில் நுழையக் கூடாது என்று எங்கள் மொன்டானா மாநிலத்தில் நூறு வருஷமாக ஒரு சட்டம் இருந்தது. செம்புக் கம்பெனி பத்திரிகையையும் ஆளையும் சேர்த்து விலைக்கு வாங்கிய காலத்தில் எங்கள் தாத்தாக்கள் ரோஷப்பட்டுப் போட்ட சட்டம். எங்கள் தேர்தலுக்கு இரண்டு வருஷம் முன்புதான் நாட்டின் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்று சொல்லிவிட்டது. வேட்பாளரோடு சேராமல் தனியாகச் செலவழித்தால் அதுவும் பேச்சுதான், கம்பெனி பேசினாலும் பேச்சைத் தடுக்க முடியாது என்பது தீர்ப்பு. பிட்டர்ஃபோர்க்கில் அதை வைத்து நடந்த சண்டைக்குக் குறைவே இல்லை. முடிவெட்டும் கடையில் இரண்டு பேர் பாதி வெட்டிய தலையோடு வெளியே வந்து கத்திக்கொண்டார்கள்.

நான் தீர்ப்பின் பக்கம். அதற்கு எனக்கு ஒரு காரணம் இருந்தது, அதைப் பிறகு சொல்கிறேன்.

இரண்டாவது அட்டை, மூன்றாவது அட்டை, நான்காவது அட்டை. இவை வெர்னாவைப் பற்றியவை. பனியில் புதைந்த ஒரு மஞ்சள் பேருந்தின் படம். 'பதினான்கு குழந்தைகள். எட்டு மணி நேரம். வண்டியைப் பனிக்குள் ஓட்டியவர் யார்? அவரை நம்பி மாநிலத்தைக் கொடுக்கலாமா?'

ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. பழைய ஆட்கள் படித்துவிட்டுத் துப்பினார்கள். ஆனால் பள்ளத்தாக்கில் பாதிப்பேர் அந்தப் புயலுக்குப் பிறகு வந்து வீடு கட்டியவர்கள். அவர்களுக்கு வெர்னாவைத் தெரியாது, அட்டையைத்தான் தெரியும்.

கோல்பி அப்போது பில்லிங்ஸ் நகரத்தில் டீசல் மெக்கானிக். அட்டையை யாரோ படம் பிடித்து அனுப்பியிருக்கிறார்கள். போன் வந்தது.

"அம்மா, அந்தப் பஸ்ல நான் இருந்தேன்."

"தெரியும்டா. நான் என்ன பண்ண? அவங்க யாருன்னே எனக்குத் தெரியாது. தெரிஞ்சாலும் சட்டப்படி நான் அவங்ககூடக் கலந்து பேசக் கூடாது."

"அவங்ககிட்ட யாரு பேசச் சொன்னா? ஊர்கிட்டப் பேசும்மா."

"பேசுறேன். கூட்டத்துல பேசுறேன்."

சொல்லவேண்டும் என்றுதான் இருந்தேன். இதை நீங்கள் நம்பித்தான் ஆகவேண்டும்.

எங்கள் ஊரில் வேட்பாளர் கூட்டம் தீயணைப்புக் கூடத்தில் நடக்கும். மே மாதம், வெயில் இருக்கும்போதே. வண்டிகளை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே மேசை போட்டு, மிளகாய் பீன்ஸ் குழம்பும் பட்டை ரோலும் வைப்பார்கள். பேச ஆளுக்கு மூன்று நிமிஷம். முன்னொரு காலத்தில் கம்பெனி வக்கீல் கூட்டம் கலைந்து வீட்டுக்குப் போகும்வரை பேசுவானாம். அதனால் முட்டை வேகும் நேரம் பார்க்க முறுக்கி வைக்கும் கோழி வடிவ மணி ஒன்றை மேசையில் வைத்துவிட்டார்கள். கோழி கத்தினால் உட்கார்ந்துவிட வேண்டும், ஆளுநரே ஆனாலும். இன்னொரு வழக்கமும் உண்டு. யாராவது முன்னதாகவே முடித்துவிட்டால் மிச்ச நேரம் எதிராளிக்கு. ஆகவே எங்கள் ஊரில் யாரும் மிச்சம் வைப்பதே இல்லை. சொல்ல ஒன்றும் இல்லாவிட்டால் மனைவிக்கு, நாய்க்கு, குழம்பு வைத்தவருக்கு என்று கோழி கத்தும்வரை நன்றி சொல்லி இழுப்பார்கள்.

கோழியை முறுக்குவது பழைய தீயணைப்புத் தலைவர் ஆர்லோ. எண்பது வயது. அவருக்கு நாங்கள் இருவரும் இன்னமும் பள்ளிக்கூடப் பெண்கள்தான்.

முதலில் வெர்னா. ஆற்றைப் பற்றிப் பேசினாள், சுரங்கத்தைப் பற்றிப் பேசினாள். அட்டையைப் பற்றிக் கடைசியில் ஒரே ஒரு பேச்சு. "என்னைப் பத்தி யாரு வேணா என்ன வேணா பேசட்டும். பேசக் கூடாதுன்னு நான் சொல்லல. ஆனா வாசல்ல வந்து பேசணும். காப்பி போட்டு வச்சிருக்கேன்." சொல்லும்போது வலது கையைத் தூக்கினாள். இரண்டு விரல் குட்டையாக இருந்தது எல்லோருக்கும் தெரிந்தது. அது எப்படி அப்படி ஆனது என்று அவள் சொல்லவில்லை. கோழி கத்தியது. கூடம் அதிரும்படி கை தட்டினார்கள்.

பிறகு நான். பின்வரிசையில் கோல்பி நின்றிருந்தான். நாலு மணி நேரம் வண்டி ஓட்டி வந்திருந்தான்.

நான் என் அப்பாவைப் பற்றிச் சொன்னேன். உருக்காலைப் புகையில் மாடுகள் செத்தபோது அப்பா பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். பத்திரிகை கம்பெனியுடையது, போடவில்லை. அப்பா மான் வேட்டைக்கு வைத்திருந்த துப்பாக்கியை விற்று, நூறு மைல் தள்ளிப்போய் நோட்டீஸ் அச்சடித்து வந்து வீடு வீடாகப் போட்டார். அந்த வாரமே வேலை போனது. "காசு குடுத்து அச்சடிச்சதாலதான் எங்கப்பாவுக்கு ஒரு வாய் இருந்துச்சு. காசு செலவழிச்சுப் பேசக் கூடாதுன்னு சட்டம் போட்டா, மொதல்ல அடங்குறது எங்கப்பா மாதிரி ஆளோட வாய்தான்" என்றேன்.

கூடம் அப்படியே உட்கார்ந்து கேட்டது. வாழ்க்கையில் முதல்முறையாக ஊரே என் வாயைப் பார்த்தது. வெர்னாவுக்குத் தட்டியதைவிட அதிகமாகத் தட்டினார்கள். அந்தச் சத்தம் எனக்கு எப்படி இனித்தது தெரியுமா? அடுத்து நான் சொல்லவேண்டியது பேருந்தைப் பற்றி. சொன்னால் அடுத்த கைதட்டல் அவளுக்குப் போகும். நான் கட்டிய வீட்டில் அவள் குடியேறிவிடுவாள். எப்போதும்போல.

உட்கார்ந்துவிட்டேன். கோழி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அந்த இனிப்பில் வழக்கத்தையே மறந்துபோனேன்.

ஆர்லோ கோழியை நிறுத்திவிட்டுக் கைக்கடிகாரத்தைக் கண்ணருகே கொண்டுபோனார். "என்ன பொண்ணு, பாதியில உக்காந்துட்ட? நாப்பது செகண்டு மிச்சம் இருக்கு. வழக்கப்படி வெர்னாவுக்கு."

நாற்பது வினாடியில் வெர்னா புயலைச் சொல்லலாம், விரலைக் காட்டலாம், பின்வரிசையில் நிற்கும் கோல்பியை அழைக்கலாம். நான் அவள் இடத்தில் இருந்திருந்தால் மூன்றையும் செய்திருப்பேன்.

வெர்னா எழுந்தாள். என்னையே பார்த்தாள். "எனக்கு வேணாம் ஆர்லோ. லோயிஸ் சொல்ல வந்தத இன்னும் முடிக்கலன்னு தோணுது. அவளுக்கே திருப்பிக் குடுத்துடுங்க."

"அப்படிக் குடுக்க வழக்கம் இருக்கா?"

"குடுக்கக் கூடாதுன்னும் வழக்கம் இல்லையே."

கூடம் சிரித்தது. ஆர்லோ தோளைக் குலுக்கிவிட்டுக் கோழியை முறுக்கினார். டிக், டிக், டிக். சிரிப்பு அடங்கிவிட்டது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் எழுந்து நின்றேன். வாய் திறந்தேன். 'அந்தப் பேருந்தில் என் மகன் இருந்தான்' என்பதுதான் சொல்லவேண்டியது. அவ்வளவுதான்.

அவள் எனக்குப் பிச்சை போடுகிறாள் என்று தோன்றியது. அவள் கொடுத்த நேரத்தில், அவள் பெருமையை, என் வாயால் சொல்லவேண்டும். அப்படியும் அவள்தான் பெரியவள். குழம்பு வைத்தவருக்கு நன்றி சொல்லவும் வாய் வரவில்லை. கோழி ஓடிக்கொண்டே இருந்தது. பின்வரிசையில் கோல்பி தரையைப் பார்த்தான்.

கோழி கத்தியது. நான் உட்கார்ந்தேன்.

அன்றைக்கு அவன் என் மேசைக்கு வரவில்லை. வெர்னாவின் மேசையில் உட்கார்ந்து, அவளுடைய வேகாத ரோலைக் குழம்பில் தோய்த்துச் சாப்பிட்டான். கிளம்பும்போது மட்டும் என் அருகில் வந்து நின்றான்.

"தாத்தா அச்சடிச்ச நோட்டீஸ் ஒண்ணு நம்ம வீட்டுல இருக்கும்மா. அதுல கீழ தாத்தா பேரு இருக்கும். வீட்டு விலாசமும் இருக்கும். யாரு வேணா வந்து அடிக்கட்டும்னு போட்டிருக்காரு. நீ அதச் சொல்லல."

அவன் போய்விட்டான்.

பத்தொன்பது ஓட்டில் ஜெயித்தேன்.

மறுநாள் காலை வெர்னா ஒரு தட்டு ரோலோடு வாசலில் நின்றாள். "பத்தொம்பது பேருடி! என் பஸ்ல பாதிகூட ரொம்பாது. நல்லா வேலை பாரு" என்று சொல்லிக் கையைக் குலுக்கினாள். அந்தக் குட்டை விரல்கள் என் உள்ளங்கையில் பட்டன. உள்ளே கூப்பிட்டேன். வேலைக்கு நேரமாகிறது என்று போய்விட்டாள்.

எட்டு வருஷம் தலைநகர் ஹெலனாவில் சட்டசபையில் உட்கார்ந்தேன். ஒருமுறை சட்டசபைத் தாழ்வாரத்தில் நல்ல கோட்டு போட்ட ஒருவர் என் கையைப் பிடித்து, "உங்கள எங்களுக்கு ரொம்பப் பிடிக்கும்" என்றார். எந்த 'எங்களுக்கு' என்று இன்றுவரை தெரியாது. சுரங்க மசோதா வந்தபோது எதிர்த்துப் போட்டேன். அதைக்கூட ஆற்றை நினைத்துப் போடவில்லை. வெர்னா இருந்தால் எதிர்த்திருப்பாள், அவள் செய்யக்கூடியதை நானும் செய்வேன் என்ற வீம்பில் போட்டேன். என் ஓட்டு இல்லாமலேயே அது நிறைவேறியது.

தோற்றவள்மேல் ஜெயித்தவள் பொறாமைப்பட்டதை நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள். நான் பட்டேன், இன்னும் படுகிறேன். அவளுக்கு விழுந்த ஒவ்வொரு ஓட்டும் யார் போட்டது, ஏன் போட்டது என்று அவளால் சொல்லமுடியும். எனக்கு விழுந்ததில் எத்தனை எனக்கு, எத்தனை அந்த அட்டைக்கு என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. குளிர்பெட்டிக் கதவிலிருந்து அதைப் பிய்த்து எடுத்தபோது பசை கொஞ்சம் ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது.

நூலகத்தில் கேட்டது ஒரு பக்கம். இவ்வளவையும் போடமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் புத்தகத்துக்கு இதை மட்டும் தனியாக எழுதிக் கொடுக்கிறேன்:

'வெர்னா மிலோவிச். பள்ளிப் பேருந்து ஓட்டுநர். தொண்ணூற்றாறு ஜனவரிப் புயலில் பதினான்கு பிள்ளைகளையும் உயிரோடு திருப்பிக் கொண்டுவந்தார். இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை பனியில் இறங்கிப் புகைக்குழாயைத் தோண்டினார். அதில் இரண்டு விரல் நுனிகளை இழந்தார். அந்தப் பேருந்தில் என் மகன் இருந்தான். எழுதியவர்: லோயிஸ் பெக்கலா, பழைய ஆலைத் தெரு, மூன்றாம் வீடு.'

எழுதி முடித்ததும் சத்தமாக வாசித்துப் பார்த்தேன். சமையலறை மணியை முறுக்கி வைத்துக்கொண்டுதான் வாசித்தேன். மெதுவாக வாசித்தும் நாற்பது வினாடிக்குள் முடிந்துவிட்டது. கொஞ்சம் மிச்சம்கூட இருந்தது.